எட்டுத் தட்டும் மூன்று குழியும்

என் இடத்துக்கு இப்போது வந்திருக்கிற ரெஜினா கேட்டாள் என்பதற்காக எழுதுகிறேன். "புதுசா சேர்ந்திருக்கற பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்துல இருந்து நாலு விஷயம் எழுதிக் குடுங்க மேடம், திட்டாம எழுதுங்க" என்றாள். இரண்டாவது நிபந்தனை எனக்குக் கொஞ்சம் கஷ்டம். தவிர, நாலு விஷயமெல்லாம் என்னிடம் இல்லை. இருபத்தொன்பது வருடம் இந்த ஏற்காட்டுத் திசு வளர்ப்புக் கூடத்தில் குப்பை கொட்டி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றரை விஷயம்தான். அந்த ஒன்றரையும் தட்டுகளை வைத்து வளர்க்கிற கல்ச்சர் ரூம் சுவரில் இரண்டு வரியாக எழுதி வைத்திருக்கிறது. முதல் வரி சிவப்பு மையில், "சந்தேகமா? குக்கர்." இரண்டாவது வரி நீல மையில், "முகம் பார்த்துவிட்டு." உங்களில் ஒருவர் அதைப் போட்டோ எடுத்துச் சிரிக்கிற பொம்மை சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினீர்களாம். யாரென்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், கதையைக் கேட்ட பிறகும் சிரிக்கலாம்.

போன வாரம் ஒரு கையெழுத்துக்காக ஆபீசுக்கு வந்தபோது உங்களைப் பார்த்தேன். ஒருவர் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே போனில் காபிச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் செல் பிரிகிற வீடியோவுக்குக் கல்யாணப் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கள் காலத்தில் ஒரு செல்லைப் பார்க்க வேண்டுமென்றால் கை கழுவி, கோட்டு மாட்டி, தொப்பி போட்டு, தட்டை அலமாரியிலிருந்து எடுத்து, பெரிய மைக்ரோஸ்கோப் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நீங்கள் ஏரியில் படகு ஓட்டிக்கொண்டே பார்க்கிறீர்கள். பாருங்கள். ஆனால் பார்ப்பது தட்டையா, படத்தையா என்று மட்டும் அவ்வப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியில் யாராவது, அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள். ஒரு நல்ல செடியிலிருந்து கடுகளவு திசுவை எடுத்து, கிருமி இல்லாத, மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டில் உணவு ஊற்றி உயிரோடு வளர்த்து, அதிலிருந்து நூறு செடி எடுக்கிறோம். அவ்வளவுதான். எதிரி யார் என்று கேட்டால் பூஞ்சை என்று சொல்லுங்கள்.

அந்த அரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் சேர்ந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், காபித் தட்டு ஒன்று லேசாக மங்கலாகத் தெரிந்தது. மழைக்காலம், மூடியில் ஈரம் படிந்திருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் அந்த அடுக்கு முழுவதும் பஞ்சு பூத்திருந்தது. நான்கு மாத வேலை போயிற்று. அப்போது பொறுப்பில் இருந்த சார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒவ்வொரு தட்டாக எடுத்து, அதில் எழுதியிருக்கிற தேதியைச் சத்தமாகப் படித்து, நானே குக்கரில் போட வேண்டும் என்றார். குக்கர் என்று நாம் சொல்வது ஆட்டோகிளேவைத்தான். ஆவியில் எல்லாவற்றையும் வேகவைத்துக் கொன்றுவிடும். முப்பதாவது தேதியைப் படிக்கும்போது சார் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பூஞ்சை என்றால் வெறி. பொறுப்பு என் கைக்கு வந்ததும் சிவப்பு வரியை எழுதினேன். சந்தேகம் வந்த தட்டு ஒரு மணி நேரத்துக்குள் குக்கருக்குப் போய்விட வேண்டும், பேச்சு வார்த்தை கிடையாது. சேலத்திலிருந்து வந்த முதலாளியின் மகன் ஒருமுறை, "கொஞ்சம் வெயிட் பண்ணிப் பாக்கலாமே" என்றார். அவரையும் குக்கரில் போட்டுவிடுவேன் என்று பயந்து அடுத்த பஸ்ஸிலேயே அடிவாரம் இறங்கிவிட்டார். அந்த வரி சரியான வரிதான். இன்றைக்கும் அழிக்காதீர்கள்.

இனி அந்த ஒன்று.

எட்டு ஒன்பது வருடம் இருக்கும். சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா லேப்புக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மலைச் சரிவில் வீடு, அதற்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நிலம். ஒரு காலத்தில் சரிவு முழுக்க ஆரஞ்சு மரங்களாம். மஞ்சள் நோய் வந்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போய், கடைசியில் ஒரே ஒரு மரம் நின்றது. அதற்கும் நோய் தொட்டுவிட்டது. சேலை மடிப்பிலிருந்து மூன்று பச்சைக் காய்களை எடுத்து என் மேசை மேல் வைத்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இதுல உசுரு இருக்குதுங்களா பாருங்க."

நான் டாக்டர் இல்லை, பி.எஸ்ஸி. தாவரவியல் என்று சொன்னேன். "சரீங்க டாக்டரம்மா" என்றார். அந்த விஷயத்தில் நான் அன்றோடு முயற்சியைக் கைவிட்டேன்.

விதையெல்லாம் சப்பை. அந்த நோய் வந்த மரத்தில் அப்படித்தான் இருக்கும், முளைக்கப் போட முடியாது. ஒட்டுக் கட்டினால் நோயும் கூடவே வந்துவிடும். ஆனால் இளங்காயின் விதைக்குள் ஒரு மெல்லிய திசு உண்டு. நோய் அதை அண்டுவதில்லை, அதிலிருந்து வருகிற செடி தாய் மரத்தை உரித்து வைத்தாற்போல் இருக்கும். அதை எடுத்து வளர்த்தோம். ரெஜினா அப்போது சேர்ந்து இரண்டு வருடம், கை சுத்தமான பெண். எட்டுத் தட்டு தேறியது.

தட்டு தேறிய மாதம், ஐப்பசிக் காற்றில் அந்த மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. சின்னப்பொண்ணுவின் கொழுந்தன்மார் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார்கள். சரிவில் காட்டேஜ் கட்ட ஒரு சேலத்துக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "மரமே இல்லைன்னு ஆன பொறவு நெலத்த வச்சு என்ன பண்றது" என்று அவர்கள் ஆரம்பிக்க, இந்த அம்மா, "லேப்ல எட்டுத் தட்டுல என்ற மரம் இருக்குது, கன்னு வர்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். எட்டுத் தட்டும் போனால் ஆரஞ்சும் போயிற்று, சரிவும் போயிற்று. அந்தப் பாரம் மொத்தமும் என் அலமாரியில் இருந்தது.

வாராவாரம் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். நான் போனில் படத்தைக் காட்டுவேன்.

"இதுங்களா என்ற மரம்? சவ்வரிசி வேக வச்சாப்ல இருக்குதுங்க."

"அந்தச் சவ்வரிசி ஒவ்வொண்ணும் ஒரு மரமாகும்."

"பாயசமாயிராமப் பாத்துக்குங்க."

அந்தப் படத்தைக் காட்டியது நம் டிபன் பாக்ஸ்தான். உங்களுக்கு இப்போது ஆறு இருக்கிறது, அன்றைக்கு ஒன்றுதான் வந்திருந்தது. டிபன் பாக்ஸ் அளவு மைக்ரோஸ்கோப், அலமாரிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், தட்டை அதன் மேல் வைத்தால் கீழேயிருந்து பார்த்து மணிக்கு ஒரு படம் அனுப்பும். தட்டை வெளியே எடுக்க வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம், வெளிக்காற்றே படாது. எனக்கு அது கடவுள் கொடுத்த வரமாகப் பட்டது. அது வந்த நாளே, இனிமேல் எந்தத் தட்டும் பெரிய மைக்ரோஸ்கோப்புக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டேன். பெரியதற்கு உறை போட்டு மூடி, அதன் மேல் குடை காயப்போட ஆரம்பித்தோம்.

டிபன் பாக்ஸ் வந்த நாளில் இன்னொரு காரியமும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் ரெஜினா சொல்லிவிடுவாள்.

மரம் சாய்ந்து பத்து நாள் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, முதல் தட்டின் படத்தில் இடது கீழ் மூலையில் ஒரு நூல். மயிரிழை போல ஒன்று. அடுத்த மணிக்கு வந்த படத்தில் கொஞ்சம் நீண்டிருந்தது. அதற்கடுத்ததில் ஒரு கிளை விட்டிருந்தது. பூஞ்சையைத் தவிர வேறு எது அப்படி வளரும்? வரி வரிதான். தட்டின் தேதியைப் படித்தேன், குக்கரில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது தட்டை டிபன் பாக்ஸ் மேல் வைத்தோம். முதல் படத்திலேயே நூல் இருந்தது, இரண்டு கிளையோடு. குக்கர். புதன்கிழமை மூன்றாவது தட்டு, மூன்று கிளை. அதுவும் குக்கருக்குப் போனது.

கவனித்தீர்களா? முதல் தட்டில் விட்ட இடத்திலிருந்து இரண்டாவது தட்டில் பூஞ்சை தொடர்ந்திருக்கிறது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிக்கிறவளுக்குக்கூட அது உறைத்திருக்கும். இருபது வருட அனுபவசாலியான எனக்கு உறைக்கவில்லை. ரெஜினாவுக்கு உறைத்தது. மூன்றாவது தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நான் நடக்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"மேடம், மூணுலயும் நூல் ஒரே மூலையில இருக்குதுங்களே."

"பூஞ்சை உன்னக் கேட்டுட்டா எடம் பிடிக்கும்? பஸ்ல ஜன்னல் சீட்டு மாதிரி, அதுக்கு அந்த மூலை பிடிச்சிருக்கு" என்றேன்.

என் வாய் அப்படி. அவள் திரும்பித் தன் மேசைக்குப் போய்விட்டாள். இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்கள் மேலதிகாரி நக்கலடித்தால் இரண்டாவது முறையும் சொல்லுங்கள். நக்கல் எல்லாம் ஒரு தடவைக்குத்தான் கைவசம் இருக்கும், இரண்டாவது தடவை யோசித்துத்தான் ஆக வேண்டும். இதை நான் ரெஜினாவிடம் சொன்னபோது, "அன்னைக்கு ரெண்டாந் தடவை சொல்லியிருந்தா என்னையும் குக்கர்ல போட்டிருப்பீங்க" என்றாள். இன்று அவள்தான் உங்களுக்கு அதிகாரி, அவளிடம் தைரியமாகச் சொல்லிப் பாருங்கள்.

வியாழக்கிழமை காலை நான்காவது தட்டிலும் நூல். நான்கில் இருந்தால் எட்டிலும் இருக்கும் என்று தீர்மானித்தேன். அதே அலமாரியின் மேல் அடுக்கில் முதலாளியின் எஸ்டேட்டுக்கான காபித் தட்டுகள் இருந்தன. அது ஒரு வருட உழைப்பு. மிச்சமிருந்த ஐந்தையும் அன்றே வேகவைத்து, அலமாரியைத் துடைத்துக் கழுவுவது என்று முடிவு செய்தேன். சொந்தக்காரருக்குச் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை. போன் போட்டேன்.

நடந்ததைச் சொன்னதும் சின்னப்பொண்ணு, "அஞ்சையும் அப்படியே வைங்க, வாறனுங்க" என்று வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் ஒரு காய்கறி ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார், தலை முதல் கால் வரை நனைந்து. நான் வழக்கம்போலப் போனை நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டார்.

"போன்ல வேண்டாமுங்க. நேரா பாக்கோணும்."

"வெளிய எடுத்தா கிருமி பட்டுரும்."

"வேக வைக்கப் போறதுக்குக் கிருமி பட்டா என்னங்க?"

அதற்கும் நான் விடவில்லை. நேரமாகிறது, காபி இருக்கிறது, விதி இருக்கிறது என்று எதையெதையோ சொன்னேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"சாவு ஊட்டுக்கு வந்துட்டு மொகத்தப் பாக்காமப் போவாங்களா? மொகம் பாக்காம எடுக்கக் கூடாதுங்க. எங்கூர்ல யாரும் எடுக்க மாட்டாங்க. உங்கூர்ல எடுப்பீங்களா?"

எங்கள் ஊரிலும் எடுக்க மாட்டோம். பெரிய மைக்ரோஸ்கோப்பின் மேலிருந்த குடையை எடுத்து, உறையைக் கழற்றி, கண்ணாடிகளைத் துடைத்தேன். ரெஜினா நான்காவது தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாவுக்குக் காட்டுவதற்காகப் பூஞ்சையைத் தேடிப் பிடித்து வைப்போம் என்று நான் முதலில் குனிந்தேன்.

இடது கீழ் மூலையில் இல்லை. தட்டைத் தள்ளி நடுவில் பார்த்தேன், ஓரமெல்லாம் பார்த்தேன். காதிலிருந்து விழுந்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி அங்குலம் அங்குலமாகத் தேடினேன். செல்கள் கொழுகொழுவென்று உருண்டையாக இருந்தன. நூல் எங்கேயும் இல்லை.

"என்னங்க, கெடச்சுதுங்களா?"

"கெடைக்கல."

"என்ன கெடைக்கலீங்க?"

"பூஞ்சை."

சின்னப்பொண்ணு என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தார். ஒரு கண்ணை மூடி, பிறகு அந்தக் கண்ணைத் திறந்து இந்தக் கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார்.

"சவ்வரிசிதானுங்க தெரியுது" என்றார்.

ஐந்து தட்டையும் பார்த்தோம். ஐந்தும் சுத்தம். அதற்குள் ரெஜினா அலமாரிப் பக்கம் போய் நின்று, "மேடம், இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. டிபன் பாக்ஸின் மேல் தட்டு எதுவும் இல்லை, வெறுமையாக இருந்தது. தட்டை எடுத்த பிறகும் அந்த மணிக்கான படம் போனில் வந்திருந்தது. வெறும் வெளிச்சம், இடது கீழ் மூலையில் நூல், நான்கு கிளையோடு.

பூஞ்சை உண்மைதான், வளர்ந்ததும் உண்மைதான். தட்டில் இல்லை, மைக்ரோஸ்கோப்பின் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. இந்த ஊரில் செருப்பில் பூஞ்சை பூக்கும், பெல்ட்டில் பூக்கும், என் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்தில் மட்டும் பூத்திருக்கிறது. உப்பு வாங்கி வைத்தால் தண்ணீராகிவிடும். ஏற்காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, கண்ணாடியிலும் பூக்கும் என்று அந்த நான்கு நாளில் ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

கடைத்தெருவில் போனும் கேமராவும் ரிப்பேர் பார்க்கிற ஜாபர் பாயைக் கூப்பிட்டு அனுப்பினோம். சிறிய ஸ்க்ரூ டிரைவரால் டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"படம் புடிக்கற சில்லு மேல ஒரு கண்ணாடி இருக்குதுங்க பாருங்க, அதுல புடிச்சிருக்குது. மழ சீசன்ல வர்ற டூரிஸ்ட் கேமராவெல்லாம் இப்படித்தானுங்க. தொடச்சா போயிரும்." பிறகு பின்பக்கம் இருந்த ஒரு சின்ன மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். "ஏனுங்க, இதுக்குள்ள ஈரத்த உறிஞ்சற பொட்டலம் ஒண்ணு இருக்கோணுமே. எங்கீங்க?"

ரெஜினா ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். டிபன் பாக்ஸ் வந்த அன்று அந்த மூடிக்குள் வெள்ளையாக, தடிமனாக ஒரு பொட்டலம் இருந்தது. இந்த மலையில் அப்படிப் பொட்டலம் கிடைத்தால் யாரும் விடமாட்டோம் என்பது உங்களுக்கே தெரியும். புது ஷூ வாங்கினால் ஷூவைவிட உள்ளே இருக்கிற பொட்டலத்துக்குத்தான் சண்டை நடக்கும். கூட வந்த குறிப்புப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காமல், பெட்டியோடு வந்த குப்பை என்று நானே முடிவு செய்து, வீட்டுக்கு எடுத்துப் போய் பீரோவில் என் முகூர்த்தப் பட்டுச் சேலையின் மடிப்புக்குள் வைத்துவிட்டேன்.

"எங்கயாவது விழுந்திருக்கும்" என்றேன் ஜாபர் பாயிடம்.

வராந்தாவில் சின்னப்பொண்ணு சேர்வராயன் மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "சாமி காப்பாத்திருச்சுங்க டாக்டரம்மா. பூஞ்ச புடிச்ச மூணு போவட்டும், அஞ்சு பொழச்சுதே. வைகாசித் தேருக்கு மொதக் கூடை நேந்துக்கிட்டேன்."

பாருங்கள், எவ்வளவு வசதி. மூன்று தட்டு பூஞ்சையால் போயிற்று, ஐந்தைச் சாமி காப்பாற்றிவிட்டது. என் பெயர் கதையிலேயே இல்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ரெஜினா சொல்லமாட்டாள், பாய்க்குத் தெரியாது. நான் வாசற்படியில் நின்றேன். முப்பது தேதியையும் படிக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போன சாரை நினைத்துக்கொண்டேன்.

"சின்னப்பொண்ணு, அந்த மூணுலயும் பூஞ்சை இல்ல. மூணும் நல்ல உயிரோட இருந்துச்சு. நாந்தான் கொன்னேன்" என்றேன்.

அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

பொட்டலத்தையும் சொன்னேன். பீரோவையும் சொன்னேன். சேலையைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாய் ஸ்க்ரூ டிரைவர்களை அடுக்க ஆரம்பித்தார், எப்போதும் இல்லாத கவனத்தோடு. சின்னப்பொண்ணு திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நனைந்த முந்தானையைப் பிழிந்தார், உதறினார், தோளில் போட்டுக்கொண்டார். படியிறங்கி நாலு எட்டு வைத்தவர் திரும்பினார்.

"சீலைக்கு ஒண்ணும் ஆவலீங்களே?"

பிள்ளைகளே, என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

அன்று சாயங்காலம் பொட்டலத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சுவரில் நீல வரியை எழுதினேன். சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது, அதைத் தவிர அந்த நீலத்துக்கு வேறு அர்த்தம் இல்லை. முகம் பார்ப்பது என்றால் என்னவென்று பலவிதமாக விளக்கம் கொடுக்கிறீர்களாம். ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. தட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். கறையும் கூடவே நகர்ந்தால் அது தட்டில் இருக்கிறது. நகராமல் அதே இடத்தில் நின்றால் அது உங்களிடம் இருக்கிறது. எனக்கு அவசரம். அந்த அவசரத்துக்கு விதி என்று பெயர் வைத்திருந்தேன். கொல்வதற்குப் பத்து நிமிடம் முன்னால் அதன் சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் கை தானாகவே நிதானப்படும். சொந்தக்காரர் இல்லையென்றால் நீங்களே சொந்தக்காரராக நின்று பாருங்கள்.

ஐந்து தட்டில் இரண்டு பிறகு தானாகவே சுணங்கிவிட்டன. மூன்று நன்றாக வந்தன. முளை விட்டு, வேர் விட்டு, நிழல் கூடாரத்தில் பாதி செத்து, கடைசியில் நாற்பத்தொரு கன்று ஜீப்பில் ஏறின. கொழுந்தன்மார் வாயைத் திறக்கவில்லை. நடவு முடிந்ததும் சின்னப்பொண்ணு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சரிவில் வரிசை வரிசையாகக் கன்றுகள், மேல் வரிசையில் மட்டும் மூன்று குழி வெறுமையாக இருந்தது.

"இது எதுக்கு?"

"உங்க மூணு தட்டுக்குங்க."

"ஒரு தட்டுன்னா ஒரு மரமில்ல. ஒரு தட்டுல பத்து மரம்கூட வரும்" என்று நான் விளக்கினேன். பி.எஸ்ஸி. தாவரவியல் அல்லவா.

"அப்ப முப்பது குழி வெட்டோணுமுங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் அறிவியல் பேசவில்லை. வருடாவருடம் அங்கே போவேன். கன்று மரமாயிற்று, மரம் காய்த்தது. வைகாசிக்கு மரத்தில் காய் ஏது, ஆனாலும் பழம் வந்த முதல் மாதமே ஒரு கூடை கோயிலுக்குப் போய்விட்டது. ஒரு கூடை லேப்புக்கு வந்தது, ரெஜினா தோலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் வரவேற்பு ஒன்றுதான். "நல்லா இருக்கீங்களா" என்று எல்லோரும் கேட்பார்கள், சின்னப்பொண்ணு, "சீல நல்லா இருக்குதுங்களா?" என்பார். பிறகு மேல் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்த மூன்று குழியில் ஒரு புல் இருக்காது. வருடத்துக்கு இரண்டு முறை களை எடுத்து, மண் சரியாமல் கல் அண்டை கொடுத்து வைத்திருப்பார். "உங்க மரம் மூணும் எப்புடி வளந்திருக்குது பாருங்க" என்பார். நானும் அண்ணாந்து பார்ப்பேன்.

இந்த வருடம் ஓய்வு பெற்றேன். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். ஆவணியில் ஒரு நாள் காலை சின்னப்பொண்ணு போன் செய்தார்.

"ஊட்ல வேல வெட்டி இல்லாமத்தான குந்தியிருக்கீங்க. வாங்க, உங்க குழியில உங்க கன்ன நட்டுட்டுப் போங்க."

அவர் மரத்திலிருந்தே ஒட்டுக் கட்டிய மூன்று கன்றுகள் வைத்திருந்தார். மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. என்னையே மண்வெட்டி பிடிக்கச் சொன்னார், தான் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார். முதல் கன்றை நட்டேன். இரண்டாவதை நட்டேன். நெற்றி வியர்வையையும் மூக்குக் கண்ணாடியையும் மண் கையாலேயே தள்ளிவிட்டுக்கொண்டு மூன்றாவதைக் கையில் எடுத்தேன். இலையில் இடது பக்கம், கீழே, பழுப்பாக ஒரு கீற்று.

இவ்வளவு வருடம் கழித்து, நாற்பத்தொரு மரத்துக்கு நடுவில் நோய்க் கன்று ஒன்றை நட்டால் என்ன ஆகும்?

"சின்னப்பொண்ணு, இதுல ஏதோ இருக்கு. நோயாத்தான் இருக்கும். இத நட வேண்டாம், இப்பவே எரிச்சுரலாம்" என்றேன்.

அவர் எழுந்து வந்தார். இலையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார்.

"இப்பப் பாருங்க."

பார்த்தேன். கன்றைக் கொஞ்சம் நகர்த்தியும் பார்த்தேன். பிறகு நட்டேன்.